கெசட்டில் வந்த கைப்பக்குவம்

உம்மாவின் கட்டுப்பல் இடப்பக்க முரசில் உரசிப் புண்ணாக்குகிறது என்று கல்முனையில் பல் கட்டுகிற இடமொன்றுக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரைச்சீலைக்கு அங்கால் ஒரு சின்ன அறை. பல் செய்கிற தம்பி மோட்டாரை முடுக்கி, அந்த இளஞ்சிவப்புத் தகட்டின் ஓரத்தைக் கல்லில் பிடித்தும் எடுத்தும் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. இனிப்பா புளிப்பா என்று சொல்ல ஏலாத, மூக்குக்குள் ஏறி நின்றுகொள்கிற வாடை. பல்லில்லாத வாயை முந்தானையால் மூடியபடி உம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"மாமாட மீன் தொட்டி மணக்கிது மனே."

எனக்கும் அந்த நேரம் அதுதான் நினைவில் வந்திருந்தது. இருவரும் ஒரே வாடையில் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தோம்.

உம்மாவின் மூக்கு பிழைவிடவில்லை. கட்டுப்பல்லின் தகடும் மாமா கொண்டுவந்த தொட்டியும் ஒரே சாமான்தான். அக்ரிலிக் என்பார்கள், எங்கள் பக்கம் பெர்ஸ்பெக்ஸ் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். வேதியியல் புத்தகத்தில் பொலிமெதில் மெதக்ரிலேட். 1930களில் ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் கம்பனி பிளெக்ஸிகிளாஸ் என்றும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பனி பெர்ஸ்பெக்ஸ் என்றும் பெயர் வைத்து இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மேல்மூடி இதனால்தான் செய்யப்பட்டது. குண்டுபட்டு மூடி சிதறி, துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. போன துண்டுகள் கண்ணை அழற்சியாக்காமல் சும்மா கிடந்ததைக் கவனித்தவர் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் டொக்டர். 1949 நவம்பரில் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில், இதே பொருளால் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் அவர் வைத்தார். வெள்ளை படர்ந்த கண்ணுக்குள் இன்று வைக்கப்படும் வில்லைகளுக்கெல்லாம் தொடக்கம் அது. உம்மாவின் இரண்டு கண்ணிலும் இப்போது வில்லை இருக்கிறது. காத்திருந்த நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப நானும் அந்தத் தொட்டிட சொந்தக்காரிதான்" என்று சிரித்தார்.

மாமா உம்மாவுக்கு நேர் இளையவர். ஷார்ஜாவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிற பட்டறை ஒன்றில் இருந்தார். அரபு எழுத்தை வாளால் அறுத்தெடுத்து, ஓரம் தேய்த்து, உள்ளே விளக்கு வைத்து மூடுகிற வேலை. எங்கள் கரையிலிருந்து அந்தக் காலத்தில் சவூதிக்கும் கட்டாருக்கும் டுபாய்க்கும் போனவர்களில் பெரும்பாலானோர் சாரதிகளும் மேசன்மாரும். மாமாவின் தொழில் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. "பிளாஸ்டிக் வேலை" என்று மூத்தம்மா சொல்லி வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

லீவில் வரும்போது கப்பல் கார்கோவில் அவர் போட்ட பெட்டிகள் அவர் வந்து பல நாள் கழித்து லொறியில் வந்தன. ஒன்றைப் பிரித்தபோது உள்ளே மரப்பெட்டி இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை. மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் போர்வைகள், நிடோ டின்கள், டேங் போத்தல்கள், ராத்தாவின் கலியாணத்துக்கென்று சேர்த்த துணிகள். சாமானையெல்லாம் எடுத்து வெளியே வைத்த பிறகு, நாங்கள் சாமானைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டறையில் மிஞ்சிய தடித்த தகடுகளை மாமா சேர்த்து வைத்து வேலை முடிந்த இரவுகளில் தன் கையால் செய்தது அது. ஒட்டுவதற்குப் பசை கிடையாது. தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தை ஊசிச் சிரிஞ்சியால் பொருத்துவாயில் விட்டால் அது தானாக உள்ளே ஓடி இரு ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுமாம். மேலே சுற்றிவர இரண்டு விரல் அகலத்தில் ஒரு விளிம்பு. தண்ணீர் நிரப்பினால் அக்ரிலிக் வயிறு தள்ளும், அதைப் பிடித்து வைக்கத்தான் அந்த விளிம்பு என்றார்.

அதற்கு முன் எங்கள் ஊரில் நாங்கள் கண்ட மீன் தொட்டி இரும்புக் கோணச் சட்டத்தில் கண்ணாடியைப் புட்டி வைத்துப் பதித்தது. கறல் பிடித்து, மூலையில் எப்போதும் ஒரு சொட்டு நிற்கும். மற்றப்படி எங்களுடைய மீன் வளர்ப்பு ஹோர்லிக்ஸ் போத்தலோடு சரி. சாய்ந்தமருதுத் தோணாவிலும் காண்களிலும் சீலைத் துண்டால் கோலிப் பிடித்த கப்பி மீன்கள். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று சுகாதாரப் பகுதியார் கிணறுகளில் விட்ட மீன் அது. மாமாவின் தொட்டி விறாந்தையில் ஏறிய பிறகு கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், ஒட்சிசன் அடைத்த பையில் பொன்மீன்கள் வந்தன. பின்னேரங்களில் விறாந்தைத் திண்ணையில் அயல் பிள்ளைகளுக்கு இடம் போதாது.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை எங்கள் வீடுகளில் ஒரு சாமான் மிச்சமில்லாமல் கிணற்றடிக்குப் போகும். வெற்றிலை வட்டாவும் படிக்கமும் புளி போட்டு மினுக்கப்படும். அலுமினியச் சட்டிகளைத் தும்பும் கடற்கரை மண்ணும் வைத்து உரஞ்சுவார்கள். அப்படியொரு நாள் உதவிக்கு வந்த சாச்சி, பாசி பிடித்திருந்த தொட்டியையும் கிணற்றடிக்குத் தூக்கிப் போய், சட்டிக்குச் செய்ததையே அதற்கும் செய்தார். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் காய்ந்ததும் முன்முகம் முழுக்க வளைவு வளைவாகக் கீறல். சாச்சி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் எப்படிக் குற்றம் சொல்வது? கண்ணாடி மாதிரி இருக்கிற ஒன்றை எல்லோரும் கண்ணாடி என்றுதான் நினைப்பார்கள். கடற்கரை மண்ணில் இருக்கிற பளிங்குத் துணிக்கை கண்ணாடியையே கீறக்கூடியது, அக்ரிலிக் அதைவிட எவ்வளவோ மெது.

மாமா திரும்பிப் போய்விட்டிருந்தார். அந்தக் காலத்தில் கடிதம் எழுதுவதைவிடக் கெசட் பேசி அனுப்புவதுதான் வழக்கம். லீவு முடிந்து போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார். எங்கள் நெஷனல் ரேடியோ கெசட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஒவ்வொருவராக முன்னால் வந்து ஸலாம் சொல்லிப் பேச வேண்டும். மூத்தம்மா மட்டும் கெசட்டுக்குள் மகன் இருக்கிறான் என்ற மாதிரி அதன் மேல் குனிந்து, சாப்பிட்டாயா மனே என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அந்தத் தடவை சாச்சியும் பேசினார். பாதியில் குரல் உடைந்து எழும்பிப் போய்விட்டார்.

பதில் கெசட் வர நெடுநாள் சென்றது. வந்த இரவு எல்லோரும் சுற்றியிருந்து கேட்டோம். எல்லார் பெயரையும் சொல்லிச் சுகம் கேட்டார். மூத்தம்மாவின் முழங்கால், கரைவாகு வட்டையின் வேளாண்மை, ராத்தாவுக்குப் பேசி வந்த சம்பந்தம் எல்லாம் முடிந்த பிறகு, "சாச்சிய ஒருத்தரும் ஏசக் கூடா. கீறல் போகும். இனித் தம்பி கேக்கட்டும்" என்றார். தம்பி என்றது என்னை. பின்னால் எங்கோ ஒரு வாள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"முதல்ல நகத்த வெச்சு ஓட்டிப் பாரு மனே. நகம் வழுக்கிப் போனா அது மேல்கீறல், பேஸ்டும் சீலையும் போதும். நகம் தட்டி நிண்டாத்தான் பேப்பர். வயல்ல பள்ளம் இரிந்தா மேட்டு மண்ண இழுத்துப் போட்டு நிரப்பலாம். இதுல நிரப்ப ஒண்டுமில்ல. பள்ளத்துட அடி எந்த மட்டத்துல இரிக்கோ அந்த மட்டத்துக்கு மேட்ட இறக்கணும். அதால கீறல மட்டும் தேய்க்காத, சுத்திவர அகலமாத் தேய். வெறும் விரலால அமத்தாத, பலகைத் துண்டுல பேப்பரச் சுத்திக்க. தின்னர், பெற்றோல், ஸ்பிரிட் ஒண்டையும் கிட்டக் கொண்டுபோகாத. பிராசோவும் வேணாம், அதுல அமோனியா இரிக்கி, மீன் தாங்காது."

அந்தப் பகுதியை நான் எத்தனையோ தரம் பின்னுக்குச் சுற்றிக் கேட்டேன். நாடா அந்த இடத்தில் தேய்ந்து மாமாவின் குரல் கொஞ்சம் இழுபட ஆரம்பித்துவிட்டது.

பேப்பர் என்று அவர் சொன்னது அரத்தாள். ஹார்ட்வெயார் கடையில் மரத்துக்குத் தேய்க்கிறதுதான் இருந்தது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற கறுத்தத் தாளுக்கு வாகனம் பெயின்ற் அடிக்கிற கராஜுக்குத்தான் போக வேண்டும், அங்கே அதற்கு வாட்டர் பேப்பர் என்று பெயர். பெயின்ற்காரர் தாளின் முதுகில் அச்சடித்த இலக்கத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். இலக்கம் கூடக் கூடத் துணிக்கை பொடி. 600ல் தொடங்கு, 800, 1000, 1500, கடைசியில் 2000. ஒன்றைத் தாண்டி மற்றதற்குப் பாயக் கூடாது. ஒரு தாளை நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். குறுக்குக் கோடுகளுக்குள் நெடுக்குக் கோடு ஒன்றுகூடத் தெரியாதபோதுதான் மூன்றாவது தாளை எடுக்கலாம். இடையில் தொட்டியையும் பலகையையும் கையையும் வாளித் தண்ணீரையும் மாற்றிக் கழுவ வேண்டும். 600ன் ஒரு மணல் 2000க்குள் போய்விட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பாதிப் பாதித் தாளாகக் கிழித்துத் தந்தார். காசைக் கொடுத்தபோது, வெளிநாட்டுச் சாமானைத் தேய்த்து முடித்த பிறகு கொண்டுவந்து காட்டினால் போதும் என்றார்.

பேஸ்ட் விஷயத்துக்கு பஸாரில் மணிக்கூடு திருத்துகிறவர். அவர் கடையென்பது ஒரு கடை வாசலில் போட்ட கண்ணாடி மேசை. அப்போதெல்லாம் அரைவாசிக் கைமணிக்கூடுகளுக்கு மேல்கண்ணாடி அக்ரிலிக்தான், வயலுக்குப் போகிறவர்களின் மணிக்கூட்டில் நேரம் பார்க்க ஏலாத அளவுக்குக் கீறல் இருக்கும். அவர் பற்பசையை ஒரு பயறளவு பிதுக்கி, மெல்லிய சீலையில் சுற்றிய கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். பற்பசையில் இருக்கிற சுண்ணப்பொடிதான் வேலை செய்கிறது என்று சொன்னவர் அவர்தான். வேகமாகத் தேய்த்தால் சூடேறும், சூடேறினால் மேல்தோல் இளகி இழுபட்டுவிடும் என்று சொன்னவரும் அவர்தான். கீறலைப் பகல் வெளிச்சத்தில் தேடாதே, இருட்டில் பக்கவாட்டாக ஒரு விளக்கைப் பிடித்துப் பார் என்றார். அந்தப் புத்தி எனக்கு எத்தனையோ இடத்தில் உதவியிருக்கிறது.

இருட்டுக்கு அந்த நாட்களில் குறைவில்லை. கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. ஊரடங்கு போட்டால் பொழுது படுவதற்கு முன்பே வீதி வெறிச்சோடிவிடும். வாப்பா கதவைத் தாழிட்டுவிட்டுக் குப்பி விளக்கடியில் உட்கார்ந்திருப்பார். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம், பிறகு தொடர்வோம். அந்த இரவுகளில்தான் தொட்டி தேய்ந்தது. நான் தேய்ப்பேன், ராத்தா தண்ணீர் ஊற்றுவாள், சாச்சி விளக்கை எட்டப் பிடித்துச் சாய்த்துக் காட்டுவார். ஈரத்தாள் அக்ரிலிக்கில் ஓடும் சத்தம் முதல் தாளில் கரகரக்கும், தாள் மாற மாற அது இறங்கி, 2000ல் சத்தமே இருக்காது. பாலாக ஒரு தண்ணீர் வழியும். அதோடுதான் அந்த வாடையும் வரும்.

முதல் தாளில் முகம் முழுதும் ஊமைக் கண்ணாடியாகிவிட்டது. இருந்ததைவிட மோசமாகிவிட்டது என்று உம்மா பயந்து மாமாவின் கெசட்டை மறுபடி போடச் சொன்னார். என் அண்ணன், காக்கா, அவசரக்காரர். ஒரு நாள் நான் இல்லாத நேரம் பலகையை வைத்துவிட்டு விரலால் அழுத்தி ஓரிடத்தில் தேய்த்தார். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி விழுந்தது. தண்ணீர் நிரப்பிய பிறகு அந்த இடத்தைக் கடக்கிற மீன் திடீரென்று மெலிந்து, வளைந்து, பிறகு பழையபடி வரும். பெரியவர்களுக்கு அது குறை. அயல் பிள்ளைகள் அந்த இடத்துக்கு நேரே உட்காரத்தான் சண்டை பிடித்தார்கள்.

1500 வரை மனம் சோர்ந்துதான் இருந்தது. 2000 முடிந்து, பற்பசையும் வாப்பாவின் கழுவிக் கழுவிப் பஞ்சாகிப்போன மருதமுனைச் சாரத் துண்டுமாகத் தேய்க்கத் தொடங்கியதும், ஊமைக்குள்ளிருந்து சுவர் தெரிந்தது, சுவரில் மாட்டியிருந்த கலண்டர் தெரிந்தது, பிறகு கலண்டரின் எழுத்தும் தெரிந்தது. சாச்சி விளக்கைக் கீழே வைத்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். உள்பக்கம் சில கீறல்களை நான் விட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றியதும் அவை பாதிக்கு மேல் மறைந்தன. ஏன் என்பது பிறகு பௌதிகம் படித்தபோதுதான் விளங்கியது. ஒளி காற்றிலிருந்து அக்ரிலிக்குக்குள் நுழையும்போது நன்றாக முறியும், காற்றின் முறிவுச் சுட்டி 1, அக்ரிலிக்கினது 1.49. தண்ணீருக்கு 1.33. உள்கீறலில் தண்ணீர் போய் நின்றுகொள்வதால் அந்த இடைவெளி சிறுத்துவிடுகிறது, கீறல் ஒளியை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை. வெளிக்கீறலுக்கு அந்தச் சலுகை இல்லை.

ராத்தாவின் கலியாணம் முடிந்ததும் வீடு ராத்தாவினுடையதானது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, ஆண் போய்ச் சேர்கிறவன். உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் பின்னால் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டார்கள். தொட்டி விறாந்தையிலேயே நின்றது. காக்கா அக்கரைப்பற்றுக்குப் போனார், நான் சம்மாந்துறைக்குப் போனேன். தொட்டிக்கு ஏதும் என்றால் ராத்தா ஆளனுப்புவாள். தொட்டியைச் செய்தவரும் தேய்த்தவரும் ஆண்கள், அது இருந்ததும் அதை இருக்க வைத்ததும் பெண்களின் வீடு. அந்தக் காலத்தில் இதை நான் யோசித்ததில்லை, இப்போது யோசிக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் சம்மாந்துறையில் இருந்தேன், அங்கே கடல் வரவில்லை. மனிதர்கள்தான் வந்தார்கள், ஓடி ஓடி, ஈர உடுப்போடு. இலங்கையில் அந்தக் காலை மிக அதிகம் உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுக ஒரே கதை. எங்கள் ராத்தா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடித் தப்பினாள், உம்மாவை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அயலில் எத்தனையோ பேர் வரவில்லை. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன்.

தொட்டியை வயல் ஓரத்தில், முள்வேலிக்கு அங்கால் சேற்றோடு ஒருவர் கண்டெடுத்தார். விறாந்தைச் சுவர் இல்லை, தொட்டி உடையவில்லை. கண்ணாடித் தொட்டியாக இருந்தால் தூளாகியிருக்கும். அது அகதி முகாமாயிருந்த பாடசாலைக்குப் போனது. கொண்டுபோனவர்கள் யாரும் அதில் மீன் வளர்க்க நினைக்கவில்லை. பவுசரில் வந்த குடிநீரை ஊற்றி வைக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. மேலே பலகை போட்டு மூடி, ஒரு கோப்பையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அத்தனை பேர் அதிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். அந்தத் தொட்டி செய்த வேலைகளில் மிகப் பெரியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஐந்து முகமும் மணலில் உரசுண்டு, உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஏலாத அளவுக்குக் கீறலாய் இருந்தது.

கடலோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்ற சட்டத்துக்கும் காணிக்கும் அலைந்து, ராத்தா ஒரு கூரையின் கீழ் வந்து சேரக் காலம் எடுத்தது. அதற்குள் மாமாவும் ஊரோடு வந்துவிட்டார், தலை நரைத்திருந்தது. தொட்டியை வெயிலில் வைத்து நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். வேணியரால் ஓரங்களின் தடிப்பை அளந்தார். முன்முகத்தை மட்டும் எடுப்போம், மற்ற மூன்று பக்கமும் ஊமையாகவே இருக்கட்டும் என்றார். நான் எல்லாவற்றையும் தேய்த்துத் தருவதாகச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கத் தகடு மெலியும், மெலிந்தால் வயிறு தள்ளும். அதைவிட அவர் பயந்தது அடிப் பொருத்துவாய்க்கு நேரே இருந்த இரண்டு ஆழமான வெட்டுகளுக்கு. தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, அடியில்தான் அதிகம். அழுத்தமெல்லாம் வெட்டின் நுனியில் போய்க் குவிந்தால் ஒரு நாள் அங்கிருந்து பிளக்கும். அந்த இரண்டையும் கூர் மழுங்கும்படி அகலமாகத் தேய்த்துவிட்டு, இனி அரைத் தொட்டிக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வெளியில் ஒரு கோடு போட்டார்.

மாமாவின் பயம் எவ்வளவு நியாயமானது என்று 2022 டிசம்பர் 16 காலை பெர்லின் செய்தியைப் பார்த்தபோது உணர்ந்தேன். அங்கே ஒரு ஹோட்டலின் நடுவில் நின்ற அக்குவாடொம் என்ற மாபெரும் அக்ரிலிக் உருளை வெடித்து, பத்து இலட்சம் லீற்றர் தண்ணீர் வீதிக்குப் பாய்ந்தது, ஏறக்குறைய 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை செத்தன. ஆராய்ந்த நிபுணர் மூன்று சாத்தியங்களைச் சொன்னார். ஒட்டு விட்டுப்போனது, புதுப்பித்தபோது அடியில் ஏற்பட்ட ஒரு வெட்டு, தண்ணீரில்லாமல் நின்ற காலத்தில் அக்ரிலிக் காய்ந்து வெடிப்பு ஓடியது. எது என்று உறுதியாகவில்லை. மூன்றையும் பற்றி எங்கள் மாமா பேசியிருக்கிறார். தொட்டியை மாதக் கணக்கில் வெறுமையாக வெயிலில் போடாதே என்று ராத்தாவை அவர் ஏசியதுண்டு.

மாமாவின் மகன் இப்போது டுபாயில். அவனைப் பார்க்கப் போனபோது டுபாய் மோலுக்குக் கூட்டிப் போனான். 2008ல் திறந்த அந்த நீர்க்காட்சியகத்தின் முன்முகம் 32.88 மீற்றர் நீளம், 8.3 மீற்றர் உயரம், 75 சென்ரிமீற்றர் தடிப்பு. முழுதும் அக்ரிலிக். இந்தத் தடிப்பில் சாதாரணக் கண்ணாடி போட்டால் பச்சையடித்து உள்ளே இருப்பது தெரியாது, அக்ரிலிக் ஒளியில் 92 வீதத்தை உள்ளே விடும் ரகம். சுறாவும் திருக்கையும் போய்வந்துகொண்டிருந்தன, சனம் அவற்றைப் படம் எடுத்தது. நான் பார்த்தது உள்ளே நீந்தி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சுழியோடியை. இப்படிப்பட்ட தொட்டிகளை இலேசில் வெறுமையாக்க முடியாது. கீறல் விழுந்தால் சுழியோடிகள் தண்ணீருக்குள்ளேயே படிப்படியாகப் பொடிசாகும் தாள்களைக் கொண்டு தேய்த்து எடுக்கிறார்கள். அவருடைய கை சின்னச் சின்ன வட்டமாக, அவசரமில்லாமல் போனது. என் பக்கத்தில் நின்றவனிடம், "பார், வாப்பாட கை" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது கல்முனையில் மீன் கடைகள் பல. சிலிக்கன் வைத்து ஒட்டிய கண்ணாடித் தொட்டி, வளைந்த முகத்துச் சீனத் தொட்டி, நீல வெளிச்சம் எல்லாம் உண்டு. கீறல் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். கீறலை மறைக்கும் திரவம் என்று ஒன்றும் விற்கிறது. பள்ளத்தை மெழுகு மாதிரி ஒன்றால் அடைப்பதே அதன் வேலை. மீன் தொட்டிக்கு அது ஆகாது, கழுவுகிறபோதெல்லாம் கரைந்து போகும், மீனுக்கும் நல்லதில்லை. 1500 தொடங்கி 12000 வரை இலக்கமிட்ட மெல்லிய துணித்தாள்கள் இப்போது வருகின்றன. அவை உண்மையில் நல்ல சாமான், மாமாவுக்கு அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வீடு இப்போது ராத்தாவின் மூத்த மகளுக்குப் போய்விட்டது, தொட்டியும் அப்படியே. மூன்று பக்கம் ஊமையாக, ஒரு பக்கம் தெளிவாக, மாமா போட்ட கோட்டளவு தண்ணீரோடு நிற்கிறது. உள்ளே தோணாவில் பிடித்த கப்பிகள்தான். போன கிழமை அவள் அழைப்பு எடுத்தாள். பாசி துடைக்கக் காந்தக் கட்டை ஒன்று வாங்கியிருக்கிறாள். கட்டைக்கும் முகத்துக்கும் நடுவில் அடிமண் ஒன்று மாட்டி, முன்முகத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது.

"உள்ளயா வெளியயா?"

"உள்ள, மாமா."

"நகம் நிக்கிதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தண்ணீருக்குள் கை விடுகிற ஓசை கேட்டது.

"நிக்கல்ல. வழுக்கிப் போகுது."

"அப்ப தாள் வேணாம். மீன எடுத்து வாளில விட்டுட்டுத் தண்ணிய இறக்கு. வெறும் வெள்ளைப் பற்பசை, ஜெல் வேணாம். நல்லாப் பழசான சாரத் துண்டு ஒண்டு எடு. பிறகு மணம் போகும் மட்டும் கழுவு. இனிக் காந்தத்த அடிமண்ணுக்கு மூண்டு விரல் மேலயே நிப்பாட்டு, அதுக்குக் கீழ கையால துடை."

"சாரம் இவர்ட புதுசுதான் இரிக்கி."

"புதுசு கூடாது, கஞ்சி போகல்ல. உம்மாட்டக் கேளு, மூத்தவாப்பாட சாரம் ஒண்டு அவட அலுமாரில இரிக்கி" என்றேன்.